வீட்டு எம்பிராய்டரி வேலைக்கு எந்த ஓஎஸ் சரியா வரும்? விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே எம்பிராய்டரி ஆர்டர் எடுத்து பண்றேன், சட்டை பாக்கெட்ல லோகோ, டவல்ல பேரு, ஸ்கூல் பேட்ஜ் இதுங்கதான் அதிகம். ஒத்த ஊசி மிஷின் ஒண்ணு இருக்கு, அதுக்கு பிஈஎஸ்ங்கற வகை டிசைன் ஃபைல். புதுசா எடுத்த பல ஊசி மிஷினுக்கு டிஎஸ்டிங்கற வேற வகை. லேப்டாப்ல விண்டோஸ் 10 ஓடுது, அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, சரி 11-க்கு போலாம்னு பாத்தா இந்த கம்ப்யூட்டருக்கு தகுதி இல்லன்னு காட்டுது. தங்கச்சி மேக் வாங்குக்காங்கறா, வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு லினக்ஸ் போடுங்க ஃப்ரீதானேங்கறாரு. படத்த தையலா மாத்தற டிஜிட்டைசிங் சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கினது, டாங்கிள்ங்கற லைசென்ஸ் யூஎஸ்பி சாவிய சொருகினாதான் திறக்கும். கையில ஆர்டர் நிறைய இருக்கு, ரெண்டு நாள் வேலை நின்னாலும் தாங்காது. எதுக்கு மாறட்டும்?

பாபின்கேஸ்:
அக்கா, மிஷினுக்கு நீங்க என்ன ஓஎஸ் வெச்சிருக்கீங்கன்னே தெரியாது. அதுக்கு வேண்டியது பென்டிரைவ்ல சரியான ஃபைல், அவ்ளோதான். ஓஎஸ்ஸ முடிவு பண்றது உங்க சாஃப்ட்வேர்தான், அது எது?

நூல்கண்டு:
வில்காம் எம்பிராய்டரி ஸ்டுடியோ தம்பி. பழைய டிசைன் எல்லாம் அதோட சொந்த வகையான இஎம்பி ஃபைலாத்தான் இருக்கு.

பாபின்கேஸ்:
அப்ப விண்டோஸ விட்டு நகராதீங்க. வில்காம், அவங்களோட ஹேட்ச், பிரதரோட பிஈ டிசைன் எல்லாமே விண்டோஸ்க்குன்னு செஞ்சது. இஎம்பிலதான் உங்க உழைப்பே இருக்கு, எந்த இடம் சாட்டின் தையல், எது ஃபில் தையல், தையல் அடர்த்தி எவ்ளோ எல்லாம் அதுலதான் திருத்த முடியும், டிஎஸ்டி ஊசி எங்க குத்தணும்ங்கறத மட்டும் சொல்ற ஃபைல், அத வெச்சு லோகோவ பெருசாக்கினா நல்லா வராது. வேற சாஃப்ட்வேருக்கு போனா இத்தனை வருஷ டிசைனும் டிஎஸ்டியாத்தான் உங்ககூட வரும், அது பெரிய நஷ்டம்க்கா.

ஹூப்ராணி:
நான் மேக்தான் வெச்சிருக்கேன், அதனால சொல்றேன். எம்பிரில்லியன்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்னா மேக்லயும் நேரடியாவே ஓடும், முதல்லயே அதுல ஆரம்பிச்சவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா உங்களுக்கு வேண்டாம்மா. 2020 கடைசியில ஆப்பிளோட எம்1 சிப் வந்ததுலருந்து அந்த மாதிரி சிப் போட்ட மேக்ல விண்டோஸ நேரடியா ஏத்தற பூட் கேம்ப் வசதி கிடையாது, பேரலல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போட்டு அதுக்குள்ள அந்த சிப்புக்கான ஏஆர்எம் விண்டோஸ் ஓட்டணும், டாங்கிளோட டிரைவர் சாதாரண விண்டோஸ்க்குன்னு எழுதினதா இருந்தா அங்க ஏறாது. இன்னொண்ணு, மேக்லருந்து பென்டிரைவ்ல காப்பி பண்ணா புள்ளியும் அடிக்கோடும் முன்னாடி போட்டு மறைவா குட்டி ஃபைலுங்க சேந்துக்கும், சில மிஷின் ஸ்கிரீன்ல அதுவும் டிசைன் மாதிரி தெரியும், தொட்டா திறக்காது.

மூணாவதுஊசி:
நான் லினக்ஸ்லதான் வேலை பாக்கறேன், இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர் மேல இங்க் ஸ்டிச்ங்கற எம்பிராய்டரி எக்ஸ்டென்ஷன் போட்டு. உண்மையிலயே அருமையான சாதனம், ஃப்ரீ, பிஈஎஸ், டிஎஸ்டி, ஜேஇஎஃப்னு மிஷின் ஃபைல் எல்லாம் எழுதும். ஆனா இஎம்பிய திறக்காது சகோதரி. லினக்ஸ்ல ஒயின்ங்கற சாஃப்ட்வேர் வழியா விண்டோஸ் சாஃப்ட்வேர ஓட்டிப் பாக்கலாம், டாங்கிள்னு வந்தா அங்கயே நின்னுரும். ஆர்டர் கையில இருக்கறப்ப அந்த சோதனை வேண்டாம். இங்க் ஸ்டிச் விண்டோஸ்லயும் ஓடும், ஆசை இருந்தா இப்ப இருக்கற லேப்டாப்லயே போட்டு ஓய்வா கத்துக்கோங்க, ஓஎஸ் மாத்தணும்னே இல்ல.

பாபின்கேஸ்:
சரி தகுதி இல்லன்னு ஏன் சொல்லுதுன்னு பாப்போம். பிராசசர் எந்த ஜெனரேஷன்? 11-க்கு டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேத்து அமுக்கி வர்ற பெட்டியில டிபிஎம் டாட் எம்எஸ்சின்னு அடிங்க, என்ன வருதுன்னு சொல்லுங்க.

நூல்கண்டு:
ஐ5, 8-வது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். டிபிஎம் கிடைக்கலன்னு வருது.

பாபின்கேஸ்:
அப்ப லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. இன்டெல்ல 8-வது ஜெனரேஷன்லருந்து பொதுவா ஏத்துக்கும், டிபிஎம் பயாஸ்ல, அதாவது விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங்ல, ஆஃப் ஆகியிருக்கணும். ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ் உள்ள போய் செக்யூரிட்டி பக்கத்துல பிடிடின்னு இருந்தா எனேபிள் பண்ணுங்க, அது இன்டெல்லோட டிபிஎம்தான். ஆனா 11-அ ஏத்தறதுக்கு முன்னாடி மூணு வேலை, இஎம்பி ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுங்க, உங்ககிட்ட இருக்கற வெர்ஷனும் டாங்கிள் டிரைவரும் 11-ல ஓடுமான்னு சாஃப்ட்வேர் வாங்கின டீலர்கிட்ட கேளுங்க, அப்புறம் முடிஞ்சா ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க, ஹார்ட் டிஸ்க்ல 11 ரொம்ப இழுக்கும். பழைய டிஸ்க்க அழிக்காம அப்படியே பத்திரமா வைங்க, ஏதாவது ஆனா மறுபடி மாட்டி அன்னிக்கே ஆர்டர முடிச்சிரலாம்.

ஹூப்ராணி:
டாங்கிளையும் பத்திரமா வைம்மா, தொலைஞ்சா லைசென்ஸே தொலைஞ்ச மாதிரி.

நூல்கண்டு:
நாலு நாள் கழிச்சு வரேன். பிடிடி ஆஃப்லதான் இருந்துச்சு தம்பி, ஆன் பண்ணதும் தகுதி இருக்குன்னு மாறிருச்சு!! டீலர் புது டிரைவர் குடுத்தாங்க, பழைய டிஸ்க்க குளோன் பண்ணி எஸ்எஸ்டில போட்டு 11 ஏத்தியாச்சு, சாஃப்ட்வேர் திறக்குது, ஒத்த ஊசி மிஷின்ல சின்ன எழுத்து ஒண்ணு தைச்சுப் பாத்தேன் பழைய மாதிரியே வந்துச்சு. ரொம்ப நன்றி. ஆனா புதுசா வாங்கின 64 ஜிபி பென்டிரைவ பல ஊசி மிஷின் எடுக்கவே மாட்டேங்குது, பழைய 4 ஜிபில போட்டா எடுக்குது, ஆனா கலர் எல்லாம் மாறி சிவப்பு லோகோ பச்சையா தெரியுது. 11 போட்டதாலயா?

பாபின்கேஸ்:
ரெண்டுக்கும் 11 காரணம் இல்லக்கா. 64 ஜிபி எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மேட்ல வந்திருக்கும், நிறைய மிஷினுக்கு ஃபேட்32ங்கற பழைய ஃபார்மேட்தான் புரியும், அந்த 4 ஜிபியவே வெச்சுக்கோங்க. கலர் விஷயம், டிஎஸ்டில நூல் கலரே பதிவாகாது, எங்க நிறுத்தி மாத்தணும்ங்கறது மட்டும்தான் இருக்கும், ஸ்கிரீன்ல தெரியறது மிஷின் தானா போட்டுக்கற கலர். பிஈஎஸ்ல கலரும் சேந்து போகும், அதான் அந்த மிஷின்ல உங்களுக்கு இது தெரியல. சாஃப்ட்வேர்ல கலர் வரிசைய பிரிண்ட் எடுத்து, எந்த கலர் எந்த ஊசின்னு மிஷின் பேனல்ல நம்பர் குடுத்துட்டு தைங்க.

நூல்கண்டு:
குடுத்தேன். சிவப்பு சிவப்பாவே வந்துருச்சு. மீதி 40 சட்டைய இப்பதான் ஃபிரேம்ல மாட்டப் போறேன்.