புதுப்பிப்பு: நெல்லை ஜங்ஷன் பார்க்கிங் சீட்டை எதிர்க்கலாமா?

நெல்லை ஜங்ஷன் ரயில் நிலையத்தில் பைக்குக்குப் போட்ட அபராதத்தைக் கட்டுவதா, எதிர்ப்பதா என்பதுதான் முன்பு கேட்டது. சீட்டைக் கொடுத்தது யார் என்று முதலில் பாருங்க.

ஸ்டாண்டு குத்தகைக்காரர் பலகையில் போட்டிருக்கும் கட்டணத்துக்கு மேல் வாங்கியிருந்தால் தாராளமாக எதிர்க்கலாம். கட்டணப் பலகை, ரசீது இரண்டையும் படம் எடுத்து ரயில்வேயின் ரயில்மதத் (RailMadad) புகார் செயலியில் ஸ்டேஷன் புகாராக ஏற்றுங்க, ரயில்வே உதவி எண் 139-க்கும் கூப்பிடலாம். ரசீதில் வண்டி எண்ணும் உள்ளே விட்ட நேரமும் இல்லையென்றால் புகாருக்கு வலு குறையும். கவுண்டரிலேயே எழுதி வாங்கிடணும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) போட்ட வழக்கு என்றால் வேறு சங்கதி. வண்டியை எடுக்கச் சொல்லியும் எடுக்காதவர் மீது 1989 ரயில்வே சட்டம் 159-ஆம் பிரிவு பாயும்: 500 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாசலை மறித்து நிறுத்திவிட்டு வாதாடுவது வீண். கட்டிடுங்க.