சூளைக் கல் உருகி ஒட்டிவிட்டது, உதவி தேவை

புதுவூரான்: அவசரம். செங்கற்சூளை பிரித்தோம். விறகு போடும் வாய்ப் பக்கக் கற்கள் கறுத்து, பச்சைப் பளபளப்போடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மற்றவை நல்ல சிவப்பு. ஏன் இப்படி? சுவருக்கு வைக்கலாமா? மேசன் திங்கட்கிழமை வருகிறார்.

குளத்தடி: எந்த ஊர் மண்? என்ன விறகு? எத்தனை நாள் எரித்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி?

மாங்குளத்தான்: மண்ணில் மணல் கூடிவிட்டது. மணல்தானே கண்ணாடியாகிறது.

கல்லறுப்பவன்: மணல் மட்டும் உருக 1,700 பாகை செல்சியஸ் வேண்டும். எங்கள் சூளை 1,000 பாகையை அண்டித்தான் எரியும். விறகுச் சாம்பலின் வேலை இது. சாம்பல் நெருப்போடு பறந்து கல்லில் படியும். அதிலுள்ள பொட்டாசியமும் சுண்ணாம்பும் மணலை வெகு கீழான சூட்டிலேயே உருக்கிவிடும். சீனத்திலும் யப்பானிலும் குயவர்கள் பானைக்கு இப்படித்தான் மெருகேற்றினார்கள்.

குளத்தடி: அண்ணை, எல்லாவற்றுக்கும் விறகையே சொல்லாதேங்கோ. தண்ணீர் உவராக இருந்தால் உப்பிலுள்ள சோடியமும் அதே வேலையைச் செய்யும். தம்பி, மண் குழைத்தது எந்தக் கிணற்றுத் தண்ணீரில்?

மூத்தவன்: இந்தப் பகுதியில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். கேட்கமுன் தேடிப் பார்க்கப் பழகுங்கள். வாயடியில் சூடு அதிகம், காற்றுக் குறைவு. அந்த நிலையில் மண்ணிலுள்ள இரும்பும் உருக்கத்துக்குத் துணைபோகும், கறுப்பும் வரும். உருகியது பாகுபோலத் தடித்தது. ஆறும்போது அணுக்கள் பளிங்காக, அதாவது வரிசையாக, ஒழுங்குபட முடியாமல் அப்படியே இறுகிவிடும். அதுதான் கண்ணாடி.

மாங்குளத்தான்: அப்போ கண்ணாடி திரவம்தானே? பழைய தேவாலய யன்னல்கள் கீழ்ப்பக்கம் தடித்திருப்பது வழிந்ததால் என்று படித்தேன்.

மூத்தவன்: தவறு. அந்தக் காலத்துத் தகடுகள் செய்யும்போதே சமனில்லாதவை. சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி வழியாது.

மாங்குளத்தான்: பாடப் புத்தகத்திலேயே திரவம் என்றுதான் இருந்தது.

மூத்தவன்: வழிகிற பொருளென்றால் அணுக்கழிவை அதில் அடைப்பார்களா? பிரான்சு 1978 முதல் மார்க்கூல் அணு நிலையத்தில் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிப் பாத்திரங்களில் வார்த்து இறுக்கியது. தண்ணீரில் இலேசில் கரைந்து போகாது என்பதால்தான்.

வவுனியாத்தாதி: கருத்தரிப்புச் சிகிச்சையிலும் இதே முறைதான். முளையத்தை (கருவை) −196 பாகைத் திரவ நைதரசனில் சட்டென்று குளிர்விப்பார்கள். பாதுகாப்புக் கரைசலும் சேர்வதால் பனிப்பளிங்கு உருவாகாமல் உள்ளிருக்கும் நீர் கண்ணாடியாகிவிடும், கலம் கிழியாது.

குளத்தடி: நல்ல விசயம், ஆனால் மேசன் திங்கள் வருகிறார். அவருக்கு என்ன சொல்வது?

கல்லறுப்பவன்: சுவருக்கு வேண்டாம். தண்ணீர் உறிஞ்சாத கல்லில் சாந்து சரியாகப் பிடிக்காது, வடிவமும் கோணியிருக்கும். உடைத்து நிலத்துக்கு நிரப்பலாம். அடுத்த முறை வாயடியில் கற்களை நெருக்கி அடுக்காதீர்கள். கடைசி இரவு விறகைக் குறைத்து எரியுங்கள். இன்னும் கேட்கிறேன், என்ன விறகு?

புதுவூரான்: கிணறு உவர்தான். தென்னங்குற்றியும் பனைமட்டையும் எரித்தோம். உடைக்கத் தொடங்கிவிட்டோம். நன்றி அண்ணைமார்.

குளத்தடி: இரண்டும் இருக்கிறதே. அடுத்த சூளைக்குக் குளத்துத் தண்ணீர் எடுத்து, விறகை மாற்றாமல் எரித்துப் பாருங்கோ. அப்போதுதான் எது காரணமென்று பிடிபடும்.