குடோன் டிராலியில் அடிபட்டவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூரான்:
காரைக்குடிப் பக்கம் ஓர் அரிசி குடோன். நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீடுதான், இப்போது மூட்டை அடுக்குகிறார்கள். நம்மூர் நிலைப்படி உயரம் தெரியுமே, அதன்மேல் இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டுத்தான் டிராலியை இறக்குவோம். அன்று 25 கிலோ சிப்பம் பன்னிரண்டு. கைப்பிடியைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். தகடு நழுவி, வண்டி முழுப் பாரத்தோடு குதிகாலுக்கு மேலே வந்து அடித்தது. வாளிக்கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான். ஏழு மாதமாகியும் அந்தக் காலை ஊன்றி எக்க முடியவில்லை.

தகட்டுக்கு முட்டுக்கொடுக்கும் செங்கல் இல்லாததைக் காலையிலேயே பார்த்தேன். எடுத்து வைக்காமல் போனேனே என்பதுதான் இன்னும் அறுக்கிறது.

கண்டனூர் செல்வி:
எனக்கு ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில். தொட்டியில் ஊறிய கல்லைக் குத்துவாக்கில் அடுக்கித் தள்ளிப் போனேன், கை ஈரம். கைப்பிடிக்கும் கதவு நிலைக்கும் நடுவில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து விழுந்து, கோணலாக முளைத்தது. கோலம் போடும்போது அந்த விரலில்தான் மாவு சிந்துகிறது.

ரஸ்தா லோடுமேன்:
எனக்குக் கால் கட்டைவிரல், அது கிடக்கட்டும். கோட்டையூர்த் தம்பி, செங்கலுக்காக உங்களையே நொந்துகொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தகட்டை போல்ட் போட்டு இறுக்க வேண்டியது முதலாளி. இன்னொன்று, டிராலியை இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். இழுத்தால் நம் கால்தான் அதற்கு பிரேக். சரிவில் இறங்கும்போது எப்போதும் பாரம் கீழே, ஆள் மேலே. சம்பளம் மாதம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா பாருங்கள். வேலையில் பட்ட அடி என்றால், டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அடிபட்ட அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். செல்வி, நீங்களும்தான். விரல் என்றால் சின்ன அடி இல்லை.

கோட்டையூரான்:
அண்ணே, போல்ட் போடச் சொல்லிக் கேட்டாச்சு. நிலைப்படி தேக்கு, துளை போட வேண்டுமென்றால் வீட்டுப் பங்காளிகள் பதினோரு பேரும் சம்மதிக்க வேண்டுமாம். அதுவரைக்கும் இரண்டு செங்கல் வைக்கிறார்கள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.