பிடித்த போட்டோவைப் பற்றி மனதில் பட்டதை எழுதச் சொன்னால் எதை எழுதுவது?

பாலக்கோடு_விஸ்காம்:
தர்மபுரி மாவட்டம்தான், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருடம். பிடித்த ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு, பார்த்ததும் என்ன தோன்றியது என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' படத்தை எடுத்திருக்கிறேன். எல்லோரும் அந்த அம்மாவின் முகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கோ, அவர் தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற இரண்டு பிள்ளைகளிடமே கண் போகிறது. எங்கள் தெருவில் பல பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள். பொங்கல் முடிந்து அவர்கள் பஸ் ஏறும்போது பிள்ளைகள் பாட்டி தோளில் இப்படித்தான் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இதை எழுதலாமா, இல்லை லைட்டிங், காம்போசிஷன் (படத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்கிற அமைப்பு) என்றுதான் எழுத வேண்டுமா? சொந்தக் கதையைப் புகுத்துகிறேன் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம்_ஸ்டுடியோ:
தம்பி, தாராளமாக எழுது. நான் கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவன். குடும்பப் படத்தில் ஒரு குழந்தை முகத்தைத் திருப்பினாலும் கிலுகிலுப்பையை ஆட்டியாவது கேமராவைப் பார்க்க வைத்துவிடுவோம். இந்தப் படத்தில் ரெண்டு பிள்ளைகளும் திரும்பி நிற்பதால்தான் வேறு எங்கும் போக வழியில்லாமல் நம் பார்வை அந்த அம்மாவின் முகத்திலும், தாடை ஓரம் வைத்த விரல்களிலும் போய் நிற்கிறது. அப்புறம் உனக்குத் தோன்றியது வேறு, காம்போசிஷன் வேறு என்று எப்படிப் பிரிப்பாய்? அடுத்தவர் எழுதியதையெல்லாம் மூடி வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, நைந்துபோன சட்டைக் கை, மடியில் தூங்குகிற கைக்குழந்தை என்று கண்ணில் படுவதை முதலில் எழுது.

ஓசூர்_வாசகி:
சொந்த அனுபவம் சரிதான் தம்பி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது: புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், அமெரிக்காவின் செரோக்கி பழங்குடி வம்சம், அப்போது 32 வயது. லாங்கே அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது, அதற்குள் இந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. அவர் யார் என்று வெளியே தெரிந்ததே 1978-இல்தான், அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். எனக்கு இதைப் படித்ததிலிருந்து அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் முகத்தைத் திருப்பியது துக்கத்தாலா, யாரோ ஒருவர் கேமராவோடு வந்து நின்றதாலா? இதையும் கேட்டு எழுதுங்கள்.

பர்கூர்க்காரன்:
அக்கா சொல்வது முக்கியம். எனக்கு பிரேசில் போட்டோகிராபர் செபாஸ்டியோ சல்காடோ 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்கள் உயிர். உடம்பெல்லாம் சேறு, முதுகில் மண் மூட்டை, ஆயிரக்கணக்கான பேர் ஏணியில் ஏறுகிறார்கள். கிரானைட் குவாரி பார்த்து வளர்ந்தவனுக்கு முதலில் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்றுதான் தோன்றியது. உற்றுப் பார்த்தால் எங்கள் பக்கம் கல்லை அறுக்கவும் தூக்கவும் மெஷின் இருக்கிறது, அங்கே அத்தனை பெரிய பள்ளத்தையும் மனுஷனே சுமந்து வெளியே கொட்டுகிறான். அது உறைத்த பிறகுதான் அந்தப் படம் என்னை விடவே இல்லை. உங்கள் தெருவோடு ஒத்துப்போகாதது எதுவோ அதையும் தேடிப் பாருங்கள்.

பாலக்கோடு_விஸ்காம்:
ரொம்ப நன்றி. படத்தின் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்ததாகவும், அதை நெகட்டிவில் பிற்பாடு மறைத்துவிட்டதாகவும் படித்தேன். அதையும் சேர்க்கவா?

காவேரிப்பட்டணம்_ஸ்டுடியோ:
இடம் இருந்தால் சேர். அதைவிட, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் லாங்கே அதே இடத்தில் எடுத்த மற்ற பிரேம்களும் இருக்கின்றன. கூடாரம் முழுக்கத் தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுத்ததும் உண்டு, பிள்ளை முகம் தெரிகிறதும் உண்டு. உன் படத்தோடு அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுத உட்கார்.