500 யூரோ நோட்டை வங்கியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

கடல்காற்று:
வணக்கம் நண்பர்களே. காலமான என் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் ஆறு 500 யூரோ நோட்டுகளும் ஒரு 1000 சுவிஸ் பிராங்க் நோட்டும் கிடைத்தன. நாங்கள் இருக்கும் நாட்டில் யூரோ புழக்கத்தில் இல்லை. எனக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உள்ளே எடுத்துப் போனார், திரும்பி வந்து "100 வரைக்கும்தான் வாங்குவோம்" என்றார். இன்னொரு வங்கியில் "இதைத்தான் நிறுத்திட்டாங்களே" என்று கையில்கூட வாங்கவில்லை. நாணயமாற்றுக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் விலையில் நூற்றுக்குப் பதினைந்து குறைப்பாராம். சுவிஸ் நோட்டு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். இதெல்லாம் செல்லுமா, செல்லாதா? வங்கி இப்படி மறுக்கலாமா? மேலிடத்தில் புகார் கொடுத்தால் பலன் இருக்குமா?

மழைநாள்:
500 யூரோ ஒழித்துக்கட்டி ரொம்ப நாளாச்சு. பதினைந்து போனால் போகட்டும், கடைக்காரர் மனசு மாறுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

காசாளர்:
அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஒழிக்கவில்லை, அச்சடிப்பதைத்தான் நிறுத்தினார்கள். 2016 மே மாதம் ஐரோப்பிய மத்திய வங்கி அந்த முடிவை எடுத்தது. பெரும்பாலான யூரோ நாடுகள் 2019 ஜனவரியோடும், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அதே ஆண்டு ஏப்ரலோடும் வெளியிடுவதை நிறுத்தின. வெளியே இருக்கும் நோட்டு இன்றும் செல்லும். யூரோ நாடுகளின் மத்திய வங்கிகளில் எப்போது கொண்டுபோனாலும் முழு மதிப்புக்குச் சின்ன நோட்டாக மாற்றிக்கொள்ளலாம், கெடு எதுவும் கிடையாது.

அப்புறம் ஏன் உங்கள் வங்கி மறுக்கிறது? நான் வெளிநாட்டுப் பணப் பிரிவில் பல காலம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். 'செல்லும்' என்பது அந்தப் பணம் ஓடும் நாட்டுக்குள் உள்ள பேச்சு. வெளியே இருக்கும் வங்கிக்கு அது ஒரு சரக்கு. வாங்கினால் யாரிடமாவது தள்ள வேண்டும். சின்ன நோட்டு என்றால் அடுத்த வாரம் பயணம் போகிற வாடிக்கையாளர் கேட்டு வாங்கிப் போய்விடுவார். 500-ஐ யாரும் கேட்க மாட்டார்கள், யூரோ நாடுகளிலேயே பல கடைகளில் வாங்குவதில்லை. ஆக, அதைச் சேர்த்து வைத்து, காப்பீடு போட்டு, மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டும். அவரும் 'இந்த மதிப்பு எடுப்பதில்லை' என்று சொல்லிவிட்டால் கிளையின் பெட்டகத்திலேயே கிடக்கும். கள்ளநோட்டாக இருந்தால் நஷ்டம் மொத்தமாக எங்கள் தலையில். பல கிளைகளில் எண்ணும் இயந்திரத்துக்கே இந்த நோட்டு தெரியாது, பிழை என்று காட்டித் துப்பிவிடும். அதைக் கையால் சோதித்துக் கையெழுத்துப் போட எந்த அலுவலர் முன்வருவார்?

கறுப்புப் பணப் பயமும் உண்டு. 2010-லேயே பிரிட்டனில் இந்த நோட்டை விற்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே புழங்கியதில் பத்தில் ஒன்பது பங்கு குற்றக் கும்பல்களிடம் போகிறது என்று புலனாய்வு அமைப்பு சொன்னதுதான் காரணம். அதனால் இதை நீட்டுகிறவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். உங்கள் மேல் தனிப்பட்ட கோபமெல்லாம் இல்லை.

புகார் கொடுக்கலாம், ஆனால் "வெளிநாட்டு நோட்டு வாங்குவது எங்கள் விருப்பம்" என்று ஒரு வரியில் பதில் வரும்.

கடல்காற்று:
நன்றி சார், இப்போதுதான் விஷயம் புரிகிறது. நல்ல நோட்டுதானா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா?

பழையதாள்:
ஓரளவுக்குப் பார்க்கலாம். ஊதா நிறம், 160 x 82 மில்லிமீட்டர், யூரோ நோட்டுகளிலேயே பெரியது. முன்பக்கம் வலது பக்கத்தில் மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டு இருக்கும், சாய்த்தால் உள்ளே இருக்கும் படம் மாறும். பின்பக்கம் கீழ் வலது மூலையில் உள்ள 500 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே நோட்டை மெதுவாகச் சாயுங்கள். ஊதா போய் ஆலிவ் பச்சையோ பழுப்போ தெரிய வேண்டும். அசையாமல் ஒரே நிறமாக நின்றால் சந்தேகப்படுங்கள். இதன் புதிய வடிவம் என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். இரண்டாம் வரிசையில், அதாவது வடிவம் மாற்றி வெளியிட்ட யூரோ நோட்டுகளில், 500 வரவே இல்லை.

சுவிஸ் நோட்டில் யார் படம்?

கடல்காற்று:
வயதானவர் ஒருவர் முகம், யாக்கோப் புர்க்ஹார்ட் என்று போட்டிருக்கிறது. அதுவும் ஊதாதான்.

பழையதாள்:
அப்படியானால் எட்டாம் வரிசை. 2021 ஏப்ரல் 30-ஓடு திரும்பப் பெற்றுவிட்டார்கள், கடையில் செல்லாது. கடைக்காரர் தொடாததற்குக் காரணம் அதுதான். ஆனால் மதிப்பு போகவில்லை. முன்பு இருபது ஆண்டுக் கெடு இருந்தது, 2020 முதல் அதை எடுத்துவிட்டார்கள். 1976-இல் தொடங்கிய ஆறாம் வரிசை முதல் எல்லா நோட்டையும் சுவிஸ் தேசிய வங்கி எப்போதும் மாற்றித் தரும். எல்லா நாடும் இவ்வளவு தாராளம் இல்லை. யூரோ வருவதற்கு முன் இருந்த பணங்களில், பிரெஞ்சு பிராங்க் நோட்டுகளுக்கு 2012 பிப்ரவரியோடு கதவை அடைத்துவிட்டார்கள், ஜெர்மன் மார்க்குக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

நித்திலம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் படம் சின்னதாக இருக்கும் பழைய 100 டாலர் இருக்கிறது. இதற்கும் இதே கதைதானா?

காசாளர்:
கிட்டத்தட்ட. 1996-க்கு முந்தைய வடிவம் அது. அமெரிக்கா தன் பழைய டாலர் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவிப்பதில்லை, அங்கே முழு மதிப்பு. வெளியே பல கடைகளில் வாங்க மாட்டார்கள், இல்லையென்றால் குறைத்துக் கேட்பார்கள். அதில் மை முத்திரையோ கிழிசலோ இருந்தால் இன்னும் பேரம் பேசுவார்கள்.

கடல்காற்று, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவு இருக்கும் பெரிய கிளைக்குப் போனில் கேளுங்கள். "யூரோ வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பார்கள். "500 யூரோ நோட்டு வாங்குவீர்களா, அதற்குத் தனி விலையா" என்று கேளுங்கள். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, கப்பல் வேலைக்கான தாள் எது இருந்தாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். அது நடக்கவில்லை என்றால், யூரோ நாட்டுக்குப் போகிற நம்பகமான உறவினர் கையில் கொடுத்து அங்குள்ள மத்திய வங்கிக் கிளையில் மாற்றச் சொல்லுங்கள். 3,000 யூரோதான் என்பதால் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்தில் அறிவிக்கத் தேவையில்லை, 10,000-இலிருந்துதான் அது கட்டாயம். உங்கள் நாட்டிலிருந்து பணம் வெளியே கொண்டுபோவதற்குத் தனி வரம்பு இருக்கலாம், அதைப் பார்த்துவிடுங்கள். சாதாரணத் தபாலில் மட்டும் வைத்து அனுப்பாதீர்கள்.

கடல்காற்று:
அத்தை மகன் ஜெர்மனியில் படிக்கிறான், அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறான். யூரோவை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உடனே பத்துக்கு இறங்கி வந்தார்! சுவிஸ் நோட்டை அவன் எல்லை தாண்டிப் போய் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

பழையதாள்:
முடியும். பெர்னிலோ சூரிக்கிலோ தேசிய வங்கியின் கவுன்டருக்குப் போகட்டும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.