கொழும்புக்குப் புதிதாக வந்து வெப் டிசைன் படிக்க நினைப்பவர்களுக்கு

கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, பகலெல்லாம் சும்மா இருக்க முடியவில்லை, வெப் டிசைன் படிக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு:

தாராளமாகப் படிக்கலாம் தங்கச்சி. நானும் ஆறு வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து வந்து இதே காலி வீதிப் பக்கம் குடியேறியவள்தான். உங்கள் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்தில் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். பிறகு யாராவது காசு கொடுத்து வேலை தர வரும்போது திண்டாட வேண்டாம்.

வந்த புதிதில் நான் பணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதமும் ஆயத்த டெம்ப்ளேட்டில் படத்தையும் நிறத்தையும் மாற்றியதுதான் மிச்சம். ஒரு பெட்டி ஏன் வலப்பக்கம் நகர்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதனால் முதல் மாதம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று சொல்வது எச்டிஎம்எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். எழுத விஎஸ் கோட், பயிற்சிக்கு ஃப்ரீகோட்கேம்ப், சந்தேகத்துக்கு மொசில்லாவின் எம்டிஎன், எல்லாமே இலவசம். பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்டை அப்புறம் பார்க்கலாம்.

பாடத்தோடு நிற்காமல் உங்கள் தெருவில் ஒரு கடையைப் பிடித்து, அதற்கு ஒரு இணையப் பக்கம் செய்து பழகுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு தையல் கடை. கடைக்கார அக்கா தமிழ் விபரம் எல்லாவற்றையும் பென் டிரைவில் கொடுத்தார். அதை இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது! அவர் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் உள்ளே இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். தமிழ் எழுத்துக்கே தனி இடம் கொடுக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. இங்கே உங்களுக்கும் பாமினி கட்டாயம் எதிர்ப்படும்.

அப்புறம், இந்த ஊரில் பெயர்ப்பலகையே மூன்று மொழியில் இருக்கும். நீங்கள் செய்யும் பக்கமும் அப்படித்தான் கேட்கப்படும். ஆங்கிலத்தில் 'கால்' என்று நான்கே எழுத்தில் முடியும் பட்டன், தமிழில் 'தொலைபேசியில் அழையுங்கள்' என்று நீளும். அகலத்தை இத்தனை பிக்சல் என்று பூட்டினால் எழுத்து வெளியே வழியும். அகலத்தை விட்டுவிட்டு பேடிங், அதாவது எழுத்தைச் சுற்றி உள்ளே விடும் இடம், மட்டும் கொடுங்கள். நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும், லைன் ஹைட் என்ற வரி உயரத்தை 1.6 வைத்துப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தமிழ், சிங்களம் இரண்டும் இருப்பதால் பக்கம் ஒரே சாயலில் நிற்கும்.

கடை திறக்கும் நேரம் போடும்போது போயா தினத்தைக் கேட்டுப் போடுங்கள். மாதாமாதம் பௌர்ணமிக்கு இங்கே விடுமுறை, நம் ஊர்ப் பழக்கத்தில் அது தோன்றவே தோன்றாது. நான் அதை விட்டுவிட்டேன். ஒரு அம்மா மொரட்டுவையிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது, அன்றிரவே திருத்தினேன்.

போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், சுருக்கிப் போடுங்கள். முடித்த பக்கத்தை, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக ஏற்றலாம். கடைக்காரர் சொந்த இணைய முகவரி கேட்டால் இலங்கைக்கான டாட் எல்கே இருக்கிறது. 2010 முதல் தமிழிலேயே டாட் இலங்கை என்றும் உண்டு.

முதல் பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். என் பழைய போனிலும் திறந்து பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்கிறேன்.