2,40,000 கிலோமீட்டர் ஓடிய போர்ஷே 996: வாங்கலாமா?

இரண்டாம்கியர்:
வாங்க நினைப்பது போர்ஷே 911-இன் 996 தலைமுறை, 2002-க்குப் பிந்தைய 3.6 லிட்டர் என்ஜின், மேனுவல் கியர். இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் நாளிலிருந்து பில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. மற்றொன்று 58,000 மட்டுமே. பளபளவென்று இருக்கிறது, ஆனால் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது, பில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விலையும் முதலாவதற்குத்தான் குறைவு. மனம் அதன் பக்கம் சாய்கிறது. தடுப்பவர்கள் தடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
தடுக்கிறேன். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. இந்த வண்டியில் இருக்கும் எம்96 என்ஜினின் ஐஎம்எஸ் (இடைத்தண்டு) பேரிங் உடையும் தொல்லை பற்றித் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காகக் கூட்டு வழக்கே நடந்து 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அப்படிப்பட்ட என்ஜினை இரண்டரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது வாங்குவானேன்?

எண்ணெய்க்கறை:
கணக்குப்பிள்ளை சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். அந்த பேரிங் ஏன் போகிறது என்று பார்த்தால் கதை வேறு திசையில் செல்லும். கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை கேம் ஷாஃப்ட்டுகளின் சங்கிலிகளுக்குக் கொண்டுபோகும் இடைத்தண்டு ஒன்று என்ஜினுக்குள் இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் இந்த பேரிங். அது மூடிய பேரிங். உள்ளே சொந்த கிரீஸ். காலப்போக்கில் மூடியின் ரப்பர் தளர்ந்து என்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது, கிரீஸைக் கரைக்கிறது. ஆனால் புதிய ஆயில் தாராளமாகப் போய்வர அதே மூடி வழிவிடுவதில்லை. நீரும் அமிலமும் சேர்ந்த பழைய ஆயில் உள்ளேயே தங்கிவிடுகிறது. பேரிங் உடைந்தால் சங்கிலியின் கணக்குத் தவறி, வால்வுகள் பிஸ்டனில் மோதும். பிறகு என்ஜின் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இப்போது எந்த வண்டிக்கு இது அதிகம் நேரும் என்று யோசியுங்கள். நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்கா, அல்லது மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே அணைத்து, பழைய ஆயிலோடு நிறுத்திய வண்டிக்கா? அந்த 58,000 வண்டியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இவ்வளவு ஓடியும் உடையவில்லை, ஆகவே உறுதியான வண்டி என்பது வாதமே அல்ல. உடைந்தவை உதிரிபாகக் கிடங்குக்குப் போய்விட்டன. விளம்பரத்தில் தெரிவது தப்பிப் பிழைத்தவை மட்டும்.

பேரிங்கை விடுங்கள், சிலிண்டர் கீறலுக்கு என்ன பதில்? முந்தைய 3.4 லிட்டர் என்ஜினைவிட இந்த 3.6-இல்தான் அந்தத் தொல்லை அதிகம். பேரிங்கை மாற்றலாம். சிலிண்டர் சுவர் கீறினால் என்ஜினையே பிரிக்க வேண்டும்.

சாய்வளைவு:
இவ்வளவு பயம் எதற்கு? 996 டர்போ வாங்குங்கள். அதில் இருப்பது மெஸ்கர் என்ற வேறு வகை என்ஜின், இந்த பேரிங் பிரச்சினையே கிடையாது.

எண்ணெய்க்கறை:
கிடையாது. ஆனால் அதில் கூலண்ட் குழாய் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது விட்டால் ஓடும்போதே கூலண்ட் முழுவதும் சாலையில் கொட்டும். அதோடு, கேட்டவரின் பட்ஜெட் அதுவல்ல.

கீறல் விஷயத்தில் கணக்குப்பிள்ளையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு வாயால் உத்தரவாதம் தர முடியாது, கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளக் துளை வழியாக மட்டும் பார்த்தால் போதாது. அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்தும் பார்த்தால்தான் கீறல் சரியாகத் தெரியும். ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி படிந்திருந்தால், சூடான என்ஜினில் டக் டக் என்று ஒலி கேட்டால், கேமராவுக்குக்கூடச் செலவழிக்க வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கருவியை இணைத்து என்ஜின் கணினியையும் படிக்கச் சொல்லுங்கள். கியரைத் தவறாக இறக்கி என்ஜினை எல்லை மீறிச் சுழற்றியிருந்தால் அது பதிவாகியிருக்கும். என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் இருக்கும். கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 2,40,000-க்கு 5,000 மணி என்றால் சராசரி 48, நெடுஞ்சாலை வண்டி. 58,000-க்கு 2,900 மணி என்றால் சராசரி 20. நெரிசலில் வெந்த வண்டி, இல்லாவிட்டால் ஓடோமீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இரண்டாம்கியர்:
கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். 1,60,000-இல் கிளட்ச் மாற்றியபோது ஐஎம்எஸ் பேரிங்கையும், கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீலையும் மாற்றியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப் ஒருமுறை. சஸ்பென்ஷன் கைகள், கூலண்ட் தொட்டி, காற்று-ஆயில் பிரிப்பான் பற்றி ஒரு பில்லும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், கோப்பு தடிமனாக இருப்பது ஒரு தகுதி அல்ல. அதில் எது இல்லை என்பதுதான் உங்கள் செலவுப் பட்டியல். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் இந்நேரம் செத்திருக்கும். கூலண்ட் தொட்டி விரிசல் விடும் வயது. பிரிப்பான் போனால் பின்னால் வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பும். முன்பக்க ரேடியேட்டர்களின் முன்னால் சருகு குவிந்து, ஏசி கண்டென்சர் அரித்திருக்கும். அந்த பேரிங்கும் 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது; மாற்றுப் பேரிங்குகளிலும் பல வகைகளுக்குக் காலக்கெடு உண்டு. எந்த வகை என்று பில்லில் பாருங்கள். கெடு முடிந்திருந்தால் மறுபடி கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

எண்ணெய்க்கறை:
இறக்கட்டும், அப்போதே கிளட்சையும் மாற்றிவிடலாம். நீங்கள் அடுக்கிய அத்தனையும் நின்ற வண்டிக்கும் பொருந்தும். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும். இதில் என்ன பாக்கி என்று கோப்பு சொல்கிறது. அதில் அதுவும் தெரியாது, விலையும் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
அந்த இரண்டில் ஒன்று என்றால் இதுவே தேவலை. இரண்டையும் விடுவதுதான் என் ஆலோசனை. கேட்காவிட்டால், இந்தப் பாக்கி வேலைகளுக்கான தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். விற்பவர் இறங்கவில்லை என்றால் திரும்பி வாருங்கள்.

இரண்டாம்கியர்:
ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை போகிறேன். வேறு ஏதாவது?

எண்ணெய்க்கறை:
ஃபில்டர் மடிப்புகளுக்குள் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மினுக்கும் இரும்புத் துகள் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு முதல் என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள். போனதும் முதலில் என்ஜின் இருக்கும் பின்பக்க மூடியில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஏன் சூடேற்றினீர்கள் என்று கேளுங்கள்.